ஈரம்

வால்சாலில் என் வீட்டில் இருப்பவன்
ஏழு மாதமாக வாடகை தரவில்லை.
பெயர் டெரன்ஸ். கிடங்கில் வேலை என்றான்.
அந்த வேலை எந்த மாதம் போனது என்பதை மட்டும்
மாற்றி மாற்றிச் சொல்கிறான்.

இங்கே கோத்தகிரியில் மாலை ஐந்தரை என்றால்
அங்கே நண்பகல். இப்போதாவது எழுந்திருப்பான் என்று
கணக்குப் போட்டு அழைக்கிறேன்.
மணி போகிறது. போகிறது.
டானிங்டன் பக்கமிருந்து மூடுபனி ஏறி
கேட்டைத் தாண்டி
என் வராந்தாவில் வந்து உட்காருகிறது, கேட்காமலே.

அந்த வீடு என் இருபத்திரண்டு வருட இராப்பணி.
முதியோர் வார்டு. ஈர விரிப்பு மாற்றி,
புண்ணுக்கு மருந்து வைத்து, விடியும்போது பஸ் பிடித்து.
ஓர் இரவுக்கு ஒரு செங்கல் என்று வைத்தால்
சமையலறைச் சுவர்தான் தேறும்.
மிச்சம் வங்கியுடையதாக இருந்தது. அதையும் கட்டினேன்.

ஊரில் எனக்கு லண்டன்காரி என்று பெயர்.
வால்சால் லண்டன் இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டேன்.
சீமையில் வீடு இருப்பவளுக்கு
கேரட் கிலோவுக்கு ஐந்து ரூபாய் அதிகம்.

வக்கீல் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பில் போடுகிறார்.
‘நன்றி’ என்று எழுதினால் அதற்கும்.
முதலில் நோட்டீஸ், பிறகு நீதிமன்றம், பிறகு அமீனா,
குளிர்காலத்தில் எல்லாமே இழுக்கும் என்கிறார்.

தம்பி போஜனுக்கு எல்லாம் சுலபம்.
‘பூட்டை மாத்துக்கா. ஃபியூஸப் புடுங்கு.’
ஐயாயிரம் மைல் நீளத்துக்குக் கை இருந்தால்
பிடுங்கியிருப்பேன்.
மூன்று நாளாக அவன் தேயிலைக்குள்
காட்டெருமை ஒன்று படுத்திருக்கிறது.
அதற்கு இவன் எதைப் பிடுங்கினான்?

வெள்ளிக்கிழமை டெரன்ஸ் அனுப்பினான்.
பணமில்லை, படம்.
பின்னறை மூலையில் கூரையிலிருந்து ஜன்னல் வரை
டீத்தூளைக் கொட்டித் தேய்த்தது போல்
கறுப்புப் பூஞ்சை.
கீழே, சின்னதாய் ஒரு கட்டில்.
குழந்தை இருப்பதாக அவன் சொன்னதே இல்லை.
ஒப்பந்தத்தில் இரண்டு பேர்தான்.

உடனே தட்டினேன்:
‘ஜன்னலை மூடிக்கொண்டு சமைத்தால்
சுவர் இப்படித்தான் ஆகும்.
குறை வீட்டில் இல்லை, பழக்கத்தில்.’
அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்
பால் பொங்கக் காத்து நின்றபோது
அந்த வாக்கியத்தை எங்கோ கேட்டதாய்த் தோன்றியது.

தொண்ணூற்றொன்பது, பிப்ரவரி.
ஒற்றை அறை. வீட்டுக்காரர் ஹாலரன்
தொப்பியைக் கழற்றாமல் வாசலில் நின்று
என் சுவரைப் பார்த்துச் சொன்னார்.
அதே சொற்கள், ஆங்கிலத்தில் இன்னும் மரியாதையாக.
நான் ‘சாரி’ சொன்னேன்.
அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்து
கோட்டுப் போட்டுக்கொண்டு சோறு வடித்தேன்.
பூஞ்சை போகவில்லை.

அழிக்கலாம் என்று ஓடினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்திருந்தது.

அவன் ஏதோ எழுதுவதாகக் காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது. நின்றது.
பிறகு கரண்ட் போயிற்று.

காலையில் பெயின்ட் அடிக்க எபனேசர் வந்தார்.
என் படுக்கையறைச் சுவரை நகத்தால் சுரண்டி
விரலை முகர்ந்தார்.
‘எத்தன தடவ அடிச்சாலும் உரியும்மா.
தண்ணி வெளிய இருந்து ஏறுது.
நீங்க என்ன பண்ணுவீங்க, வீட்டு வாகு அப்படி.’

அவர் போனதும் வக்கீலுக்கு எழுதினேன்.
நோட்டீஸ் போகட்டும், ஏழு மாதம் ஏழு மாதம்தான்.
அப்படியே பின்னறைச் சுவரை
வெளிப்பக்கமாக யாராவது பார்க்கட்டும்.
செலவு என்னுடையது.

இரண்டு விஷயம் என்பதால்
இரண்டு பில் அனுப்பியிருக்கிறார்.